கல்லாப்பெட்டியும் கைப்பேசியும்: யுபிஐ குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறிய மளிகைக் கடை உண்டு. கல்லாவில் அப்பா உட்காருவார். மாலையில் வேலை முடிந்து வந்த பிறகு நானும் துணைக்கு நிற்பேன். 2018-ஆம் ஆண்டு கடையில் முதல் கியூஆர் அட்டையை ஒட்டியதிலிருந்து, கைப்பேசி வழியே பணம் செலுத்துவது பற்றி வாடிக்கையாளர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் விசாரித்துத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். திறன்பேசி மாற்றியவை எத்தனையோ இருந்தாலும், ஒரு தெருவின் கொடுக்கல் வாங்கலை மாற்றிய அளவுக்கு வேறெதையும் அது மாற்றவில்லை என்பது கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் என் கருத்து. வேகம், வசதி என்று எல்லோரும் சொல்கிறார்கள். யார் யாருக்கு எப்போது எவ்வளவு கொடுத்தார் என்பது இப்போது பதிவாகி நிற்கிறது என்பதே அவற்றைவிடப் பெரிய மாற்றமாக எனக்குப் படுகிறது.

ஜிபே, போன்பே, பேடிஎம் எல்லாம் ஒன்றுதானா? யுபிஐ என்பது எது?

எங்கள் கடையில் யாரும் "யுபிஐ செய்கிறேன்" என்று சொல்வதில்லை. "ஜிபே பண்ணட்டுமா அண்ணாச்சி?" என்றுதான் கேட்கிறார்கள், கையில் திறந்திருப்பது போன்பேயாக இருந்தாலும் கேள்வி மாறுவதில்லை. உண்மையில் இவை யாவும் தனித்தனி நிறுவனங்களின் செயலிகள். இவற்றுக்கெல்லாம் அடியில், ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்குப் பணத்தை நொடிகளில் மாற்றித் தரும் பொதுவான ஏற்பாடுதான் யுபிஐ. அதை நடத்துவது என்பிசிஐ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம். அதனால்தான் ஒரு செயலியின் அட்டையை இன்னொரு செயலியால் ஸ்கேன் செய்தாலும் பணம் போய்ச் சேருகிறது.

"போனை மாற்றினால் ஜிபேயில் இருக்கும் பணம் போய்விடுமா?" என்று ஒரு அம்மா மிகுந்த கவலையோடு கேட்டார். செயலிக்குள் பணம் இருப்பதில்லை. அது உங்கள் வங்கிக் கணக்கிலேயேதான் இருக்கிறது. போன் உடைந்தாலும் செயலியை நீக்கினாலும் கணக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. செயலியின் வாலட்டிலோ, பின்னால் சொல்லப்போகும் யுபிஐ லைட்டிலோ நீங்களாக எடுத்து வைத்த சிறு தொகை மட்டுமே இதற்கு விதிவிலக்கு.

இது எப்போது வந்தது? இவ்வளவு விரைவாகப் பரவியதற்குக் காரணம் என்ன?

2016 ஏப்ரல் 11 அன்று, அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் மும்பையில் இதைத் தொடங்கி வைத்தார். முதலில் 21 வங்கிகளோடு சோதனை நடந்தது. ஆகஸ்ட் மாதக் கடைசியில் வங்கிகளின் செயலிகள் பொதுமக்களுக்குக் கிடைக்கத் தொடங்கின. செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை வந்து இணையச் செலவைத் தரைமட்டத்துக்கு இறக்கியது. நவம்பர் 8 இரவில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. ஆக, ஒரே ஆண்டுக்குள் வழியும் வந்தது, வழியில் நடப்பதற்கான வசதியும் வந்தது, நடந்தே ஆக வேண்டிய கட்டாயமும் வந்தது.

ஆனாலும் நோட்டுத் தடையால்தான் எல்லோரும் மாறினார்கள் என்று சொல்வது முழு உண்மையாகாது. அந்த நவம்பர் மாதம் முழுவதும் நாடெங்கும் நடந்த யுபிஐ பரிமாற்றங்கள் ஏறத்தாழ 3 லட்சம்தான். மாதத்துக்கு 100 கோடி என்ற அளவை 2019 அக்டோபரிலும், 1000 கோடியை 2023 ஆகஸ்டிலும், 2000 கோடியை 2025 ஆகஸ்டிலும் அது தாண்டியது. நோட்டுத் தடையின்போது எங்கள் தெருவே வங்கி வாசலில் வரிசையில்தான் நின்றது. கைப்பேசியை யாரும் நீட்டவில்லை. எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் மாறியது கொரோனா காலத்தில், நோட்டைத் தொடவே பயந்திருந்த நாட்களில்தான்.

அட்டையை ஸ்கேன் செய்த பிறகு அந்த ஓரிரு நொடிகளில் என்ன நடக்கிறது?

கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் இருப்பது முக்கியமாகக் கடைக்காரரின் யுபிஐ முகவரியும் பெயரும்தான். ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசஹிரோ ஹாராவின் குழு 1994-இல் கார் உதிரிபாகங்களை அடையாளம் காண்பதற்காக உருவாக்கிய குறியீடு, இன்று இளநீர் வண்டியில் தொங்குகிறது. நீங்கள் தொகையைப் போட்டு ரகசிய எண்ணை அடித்ததும் செயலி அந்தக் கோரிக்கையை என்பிசிஐக்கு அனுப்புகிறது; என்பிசிஐ உங்கள் வங்கியிடம் தொகையைக் கழிக்கச் சொல்கிறது; கழித்தாயிற்று என்ற பதில் வந்ததும் கடைக்காரரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்கிறது; பிறகு இரு பக்கமும் செய்தி போகிறது. ரகசிய எண்ணை அடிக்கும் பக்கம் என்பிசிஐயின் மென்பொருளுக்கு உரியது என்பதால், அந்த எண்ணைச் செயலி நிறுவனம் பார்ப்பதில்லை.

இடையில் இத்தனை பேர் இருப்பதால்தான் சில மாலைகளில் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "சுத்துது அண்ணாச்சி" என்று வாடிக்கையாளர் போனை உயர்த்திக் காட்டினால், கோளாறு அவருடைய சிக்னலிலா, அவருடைய வங்கியிலா, எங்கள் வங்கியிலா என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

சில்லறைத் தகராறு தீர்ந்துவிட்டதா?

பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. பேருந்தில் நடத்துநர் மீதிச் சில்லறையைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்ததையும், இறங்கும் அவசரத்தில் அதைக் கேட்க மறந்து நிறுத்தத்தில் நின்று நொந்துகொண்டதையும் அறியாத தமிழர் குறைவு. எங்கள் கடையில் இரண்டு ரூபாய் மீதிக்கு மிட்டாய் கொடுப்பது வழக்கமாக இருந்தது. வாடிக்கையாளருக்கு அது எரிச்சல், எங்களுக்கும் அது பெருமையல்ல. இப்போது 47 ரூபாய் என்றால் 47 ரூபாயே வருகிறது. மிட்டாய்ப் பாட்டிலைத் தேடி வருவது குழந்தைகள் மட்டுமே. செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லியும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் வாங்க மறுக்கப்பட்ட பத்து ரூபாய் நாணயத்தைப் பற்றிய சண்டையும் தெருவில் குறைந்திருக்கிறது.

கடைக்காரருக்கு இதனால் கட்டணம் உண்டா?

வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக வரும் யுபிஐ தொகைக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது 2020 ஜனவரியிலிருந்து நடைமுறை. ஆகவே "ஜிபே என்றால் ஒரு ரூபாய் கூடுதல்" என்று எந்தக் கடையில் சொன்னாலும் அதற்கு நியாயமில்லை. ஆனால் எவரும் செலவு செய்யாமல் இத்தனை கோடிப் பரிமாற்றங்கள் நடக்கவும் முடியாது. வங்கிகளும் செயலி நிறுவனங்களும் சுமக்கும் செலவில் ஒரு பகுதியை ஒன்றிய அரசு ஈடுகட்டுகிறது. சிறு வணிகர்கள் பெறும் 2000 ரூபாய் வரையிலான தொகைகளுக்கு 0.15 சதவீதம் என்ற கணக்கில், 2024-25ஆம் ஆண்டுக்கு 1500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. செயலி நிறுவனங்கள் கடன், காப்பீடு, விளம்பரம் ஆகியவற்றில் வருமானம் தேடுகின்றன. பணம் செலுத்த மட்டும் திறக்கும் செயலி "உங்களுக்கு இரண்டு லட்சம் கடன் தயார்" என்று ஏன் கூவுகிறது என்பதற்கு விடை இதுதான்.

போன்பே, கூகுள் பே ஆகிய இரண்டின் வழியாக மட்டும் மொத்தப் பரிமாற்றங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நடக்கிறது. ஒரு நிறுவனத்தின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியை என்பிசிஐ வகுத்திருந்தாலும், அதற்கான கெடு 2026 டிசம்பர் இறுதிவரை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு தெருவின் வரவுசெலவெல்லாம் இரண்டே நிறுவனங்களின் வாசல் வழியாகப் போவது எனக்கு உவப்பானதல்ல.

கடைகளில் சத்தம் போடும் அந்த ஒலிப்பெட்டி எதற்கு? திரையில் காட்டினால் போதாதா?

போதாது. அது எங்களுக்குப் பட்ட பிறகுதான் புரிந்தது. ஒரு மாலை, கூட்டம் நெருக்கும் ஏழு மணிக்கு, ஓர் இளைஞர் எண்ணெய், பருப்பு என்று 860 ரூபாய்க்கு வாங்கினார். பச்சை நிறக் குறியோடு தொகை தெரியும் திரையை அப்பாவிடம் காட்டிவிட்டுப் போய்விட்டார். இரவு கணக்குப் பார்த்தபோது அந்தத் தொகை எங்கள் கணக்கில் இல்லை. பணம் போனது போலவே திரையைக் காட்டும் போலிச் செயலிகள் இருப்பது எங்களுக்கு அன்றுவரை தெரியாது. மறுவாரமே மாத வாடகைக்கு ஒலிப்பெட்டி வாங்கினோம். அதற்குள் தனியாக ஒரு சிம் இருக்கிறது. எங்கள் கணக்கில் வரவு விழுந்தால் மட்டுமே அது பேசும்.

அதன் பேச்சிலும் ஒரு சங்கடம் உண்டு. தெருவில் லாரி போகும்போது "முப்பது" என்பதும் "முந்நூறு" என்பதும் அப்பாவின் காதில் ஒன்றுபோலவே விழுகின்றன. முந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கியவர் ஒரு பூஜ்யத்தை விட்டு முப்பது அனுப்ப, பெட்டியும் முப்பது என்று சொல்ல, அப்பா தலையை ஆட்டிப் பையைக் கொடுத்தது ஒருமுறை நடந்தது. அவர் நேர்மையானவர், வீட்டுக்குப் போய்க் குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு மீதியை அனுப்பினார். அதிலிருந்து அப்பா தொகையைக் கேட்டதும் திருப்பிச் சொல்கிறார், வாடிக்கையாளர் "ஆமாம்" என்ற பிறகே பை கைமாறுகிறது.

என் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கடைக்காரருக்கு வரவில்லை. என்ன செய்வது?

உடனே இரண்டாம் முறை அனுப்பாமல் சில நிமிடங்கள் பொறுங்கள். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதிப்படி, தனிநபருக்கு அனுப்பிய தொகை போய்ச் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்திய தொகைக்கு உறுதி கிடைக்காவிட்டால் ஐந்து நாட்களுக்குள்ளும் அது தானாகவே உங்கள் கணக்குக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. திரும்பவில்லையென்றால் செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து புகார் பதிவு செய்யுங்கள். பிறகு வங்கியில் எழுத்து மூலம் கொடுங்கள். வங்கி 30 நாட்களில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்கான உதவி எண் 14448.

தவறான எண்ணுக்கு அனுப்பிவிட்டேன். திரும்பக் கிடைக்குமா?

பரிமாற்றம் வெற்றிகரமாக முடிந்துவிட்டால், பெற்றவரின் சம்மதமின்றி வங்கியால் அதை எடுத்துத் தர இயலாது. மேலே சொன்ன வழியில் உடனே புகார் செய்தால், உங்கள் வங்கி அவருடைய வங்கி மூலம் அவரைக் கேட்கும். எண்ணை அடித்ததும் திரையில் தோன்றும் பெயரைப் படிக்க ஆகும் இரண்டு நொடி இத்தனை அலைச்சலையும் மிச்சப்படுத்தும். புது ஆளுக்குப் பெரிய தொகை அனுப்பும்போது முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, "வந்துச்சா?" என்று போனில் கேட்டுவிட்டு மீதியை அனுப்புகிறார்களே, அதுவே நம் மக்கள் தாமாகக் கண்டுபிடித்த நல்ல வழக்கம்.

மோசடியில் சிக்காமல் இருப்பது எப்படி?

ஒன்றை மட்டும் மனத்தில் பதித்தால் பாதி ஆபத்து நீங்கும்: பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையில்லை. கணக்கின் இருப்பைப் பார்ப்பது போன்றவற்றைத் தவிர, ரகசிய எண்ணைக் கேட்கும் திரை உங்கள் பணத்தை வெளியே அனுப்பும் திரைதான். "பரிசுத் தொகை வந்திருக்கிறது, இதை ஸ்கேன் செய்து எண்ணைப் போடுங்கள்" என்பது பொய். ஒருவர் இன்னொருவரிடம் செயலி வழியே பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை முறை, மோசடி பெருகியதால்தான் 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கிடையே நிறுத்தப்பட்டது.

இப்போது வேறு வடிவங்கள் வருகின்றன. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஒரு கோப்பு வரும். அதைத் தொட்டு நிறுவினால் அது உங்கள் குறுஞ்செய்திகளை வேறொருவருக்கு அனுப்பத் தொடங்கிவிடும். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ வரலாமே தவிர, அதைப் பார்க்க ஏபிகே கோப்பை, அதாவது போனில் புதுச் செயலியைப் பதிக்கும் கோப்பை, நிறுவ வேண்டிய அவசியம் ஒருபோதும் இல்லை. கடைக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: இரவோடு இரவாக உங்கள் அட்டையின் மேல் வேறொருவரின் அட்டையை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கடை திறந்ததும் உங்கள் போனாலேயே ஒருமுறை ஸ்கேன் செய்து பெயரைப் பாருங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் இணையவழிப் பண மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். பறிபோன தொகை கணக்குவிட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருப்பதால், முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் சொன்னால்தான் அதை வழியில் முடக்கும் வாய்ப்பு அதிகம்.

திறன்பேசி இல்லாதவர்களும் வயதானவர்களும் என்ன செய்வார்கள்?

பட்டன் போனில் *99# என்று அழைத்தும், 2022 மார்ச்சில் வந்த யுபிஐ 123பே வழியாகவும் இணையம் இல்லாமலே பணம் அனுப்பலாம். எங்கள் தெருவில் இவற்றைப் பயன்படுத்தும் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பாட்டிமார்கள் பக்கத்து வீட்டுப் பையனிடம் போனையும் ரகசிய எண்ணையும் சேர்த்துக் கொடுத்து "நீயே போடு கண்ணு" என்கிறார்கள். அந்தப் பையன் நல்லவனாக இருப்பதுதான் அவர்களுடைய பாதுகாப்பு. 2024-இல் அறிமுகமான யுபிஐ சர்க்கிள் இதற்குப் பரவாயில்லாத மாற்று: மகனோ மகளோ தம் கணக்கிலிருந்து மாதம் 15,000 ரூபாய் வரை வீட்டுப் பெரியவர் செலவழிக்க அனுமதி கொடுத்துவிடலாம். ஆனால் அப்பாவின் ஒவ்வொரு காபிச் செலவும் மகனின் போனில் தெரியும். அது எல்லா அப்பாக்களுக்கும் பிடிக்காது.

வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுச் சேமிப்பு என்ன ஆயிற்று?

இந்தக் கேள்வியை யாரும் இதே சொற்களில் கேட்பதில்லை. சுற்றி வளைத்துத்தான் கேட்கிறார்கள். மளிகைக்குக் கொடுத்த பணத்தில் மிஞ்சிய பத்தும் இருபதும் கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் சேர்ந்து, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ பிறந்த வீட்டுச் சீருக்கோ யாரிடமும் கையேந்தாமல் உதவும். 2016-இல் நோட்டுகள் செல்லாமல் போனபோது அந்தச் சேமிப்பு ஒருமுறை வெளிச்சத்துக்கு வந்து, பல வீடுகளில் சிரிப்பையும் சில வீடுகளில் சண்டையையும் கிளப்பியது. அது ஒரு நாள் அடி. கைப்பேசிப் பணமோ அந்தச் சேமிப்பு ஊறும் இடத்தையே அடைக்கிறது.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் கணவருக்கு வெளியூரில் வேலை. முன்பு மாதம் ஒருமுறை வந்து மனைவியிடம் ரொக்கம் கொடுத்துவிட்டுப் போவார். இப்போது சாமான் பட்டியல் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது. தொகையை அவர் இருந்த இடத்திலிருந்தே நேராகக் கடைக்கு அனுப்பிவிடுகிறார். கணக்கு பைசா பிசகாமல் தீர்கிறது. மனைவியின் கையில் எதுவும் தங்குவதில்லை. ஒருநாள் அந்த அம்மா மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, "அண்ணாச்சி, பில்லில் ஒரு இருநூறு சேர்த்துப் போட்டு, அதைக் கையில் கொடுங்களேன்" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. பில்லின் கடைசி வரியில் "இதர சாமான் - 200" என்று எழுதி, கல்லாவிலிருந்து இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை மடித்துக் கொடுத்தார். அது சரியா என்று நான் பிறகு கேட்டதற்கு, "அந்தப் புள்ளைக்குப் பாதிப் பில்லே இதர சாமான்தானடா" என்று மட்டும் சொன்னார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கோயில் வாசலில் பூ விற்கும் ஒரு அக்காவின் சுருக்குப்பையைக் கணவர் மாலையில் உதறிப் பார்ப்பது முன்பு வாடிக்கை. இப்போது வரவில் பாதி அந்த அக்காவின் பெயரில் இருக்கும் கணக்கில் விழுகிறது; ரகசிய எண் அக்காவுக்கு மட்டுமே தெரியும். ஒரே ஏற்பாடு ஒரு பெண்ணின் சேமிப்பை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது, இன்னொரு பெண்ணின் உழைப்பைப் பூட்டி வைக்கிறது. கணக்கு யார் பெயரில், எண் யார் கையில் என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது.

கல்யாண வீட்டில் மொய்யைக் கைப்பேசியில் அனுப்பலாமா?

அனுப்பலாம், மொய் மேசையில் கியூஆர் அட்டை வைப்பது தென்மாவட்டங்களில் இப்போது சாதாரணம். ஆனால் அனுப்பியதோடு நின்றுவிடாமல் மேசையில் இருப்பவரிடம் ஊர், தெரு, வீட்டுப் பெயர் சொல்லி நோட்டில் எழுத வையுங்கள். வங்கிக் கணக்கில் வெறும் பெயரும் தலைப்பெழுத்தும்தான் வரும். உங்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய நேரத்தில், அந்த முருகன் எந்த முருகன் என்று அவர்கள் திண்டாடக் கூடாது.

இதையெல்லாம் வரித்துறை பார்க்கிறதா? சிறு கடைக்காரர் பயப்பட வேண்டுமா?

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளை வைத்து ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு அறிவிப்பு அனுப்பியது; பெங்களூரில் பல கடைகள் அட்டையைக் கிழித்துவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தன. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் தெருவிலும் இரண்டு அட்டைகள் காணாமல் போயின.

அஞ்சுவதற்கு முன் விதியைத் தெரிந்துகொள்ளலாம். பொருள் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயையும், சேவை வழங்குபவருக்கு 20 லட்சத்தையும் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவை. ரொக்கத்தில் வாங்கினாலும் இந்த வரம்பு இதேதான். அட்டையைக் கிழிப்பதால் கடமை மறையாது. காய்கறி, பால், உதிரிப்பூ போன்றவற்றுக்கு வரியே இல்லை. தொல்லை வருவது வேறிடத்தில்: கைமாற்றாக வாங்கியது, மைத்துனர் அனுப்பியது, சீட்டுப் பணம் என்று எல்லாமே கடையின் அதே கணக்கில் விழுந்தால், மொத்தத்தையும் விற்பனை என்று எடுத்துக்கொள்ள இடம் உண்டு. கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வைப்பது முக்கால்வாசிச் சிக்கலைத் தவிர்க்கும். நாங்கள் அதை மூன்றாவது ஆண்டில்தான் செய்தோம். அதற்குள் கணக்காளரிடம் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

கைப்பேசியில் செலுத்துவதால் செலவு கூடுகிறதா?

என் அனுபவத்தில் கூடுகிறது. நூறு ரூபாய் நோட்டை உடைப்பதற்கு இருந்த தயக்கம் திரையில் இல்லை. பால் வாங்க வந்தவர் கண்ணில் பட்ட முறுக்கையும் எடுத்துக்கொள்கிறார். பத்தும் இருபதுமாகப் பாஸ்புக் பக்கங்கள் நிரம்புவது உங்களுக்குத் தொல்லையாக இருந்தால் யுபிஐ லைட்டைப் பயன்படுத்துங்கள். 5000 ரூபாய் வரை அதில் எடுத்து வைத்து, ஒரு முறைக்கு 1000 ரூபாய் வரை ரகசிய எண் இல்லாமலே செலுத்தலாம். ரொக்கம் போலத் தீரத் தீரத் தெரியும் என்பதால் கை கொஞ்சம் அடங்குகிறது. ஆனால் போன் பிறர் கையில் சிக்கினால் அதிலுள்ள தொகையும் போகலாம்; சிறிதாகவே வையுங்கள்.

கடன் நோட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். "சில்லறை இல்லை, நாளைக்குத் தருகிறேன்" என்ற வரி அறவே ஒழிந்தது. அதன் இடத்தில் "சர்வர் டவுன், வீட்டுக்குப் போய்ப் போடுகிறேன்" என்ற வரி வந்திருக்கிறது.

இலங்கையிலும் சிங்கப்பூரிலும் இது செல்லுமா?

2024 பிப்ரவரி 12 முதல், இலங்கைக்குப் போகும் இந்தியர்கள் அங்குள்ள லங்காகியூஆர் அட்டைகளைத் தங்கள் யுபிஐ செயலியால் ஸ்கேன் செய்து செலுத்தலாம். சிங்கப்பூரின் பேநவ் என்ற பணப் பரிமாற்ற ஏற்பாட்டோடு யுபிஐ 2023 பிப்ரவரி 21 அன்று இணைக்கப்பட்டது. தொடக்கத்திலேயே இரு பக்கமும் பணம் அனுப்ப வசதி செய்த நான்கு வங்கிகளில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அடங்கும். இதில் நாளொன்றுக்கு 60,000 ரூபாய் என்ற வரம்பு வைக்கப்பட்டது.

போன் தொலைந்துவிட்டால்?

முதலில் வேறொரு போனிலிருந்து சிம் நிறுவனத்தை அழைத்து எண்ணை முடக்குங்கள். அடுத்து வங்கியை அழைத்து யுபிஐ சேவையை நிறுத்தச் சொல்லுங்கள். யுபிஐ உங்கள் சிம்மோடு கட்டப்பட்டது என்பதால் வரிசை முக்கியம். பழைய எண்ணைக் கைவிடுகிறவர்களும் வங்கியில் எண்ணை மாற்றிவிட்டுத்தான் கைவிட வேண்டும். பயன்படாத எண்கள் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும்.

அப்படியானால் ரொக்கம் இனி தேவையில்லையா?

தேவை. நாட்டில் புழங்கும் ரொக்கம் 2016 நவம்பரில் சுமார் 18 லட்சம் கோடி ரூபாயாக இருந்தது. 2024 மார்ச்சில் அது சுமார் 35 லட்சம் கோடியாக உயர்ந்திருந்தது. ஒன்று வளர்ந்து இன்னொன்று தேயவில்லை. இரண்டும் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன. 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 போன்ற நாட்களில் நாடு முழுவதும் யுபிஐ தடுமாறியபோது, கையில் இருநூறு ரூபாய் வைத்திருந்தவர்களே பெட்ரோல் நிலையத்தில் சங்கடப்படாமல் வெளியே வந்தார்கள். மின்வெட்டு, மழை, திருவிழாக் கூட்டம் எதுவந்தாலும் முதலில் படுப்பது சிக்னல்தான். சித்திரைத் திருவிழா நாட்களில் எங்கள் கடையில் அட்டையைத் திருப்பி வைத்துவிடுவோம். ஒருநாள் செலவுக்கான ரொக்கத்தை வீட்டிலும், ஆட்டோவுக்கும் மருந்துக்கும் போதுமான ஒரு தொகையைப் பையிலும் வைத்திருங்கள்.

அப்பா இப்போதும் இரவு ஒன்பதரை மணிக்குக் கல்லாவைக் கவிழ்த்து நோட்டுகளை இனம் பிரித்து எண்ணுகிறார். எண்ணி முடித்ததும் "போன் எவ்வளவு சொல்லுது?" என்று கேட்கிறார். நான் படிக்கப் படிக்க, நீண்ட நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் ஒரு தொகையும் வலப்பக்கம் ஒரு தொகையும் எழுதிக் கூட்டிப் பார்க்கிறார். "இதர சாமான்" அந்த நோட்டில் மட்டும் தனியாக, பென்சிலில் இருக்கிறது.